ராஜி குஷி சொன்னவர்

எங்கள் குவார்ட்டர்ஸில் கடவுளை நம்பாத பெண்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். பண்டிட்ஜியை நம்பாதவள் ஒருத்தியும் கிடையாது. நானும் நம்பினேன். மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே நம்பினேன். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அவர் பேச்சை யாராவது எடுத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ராணுவத்தில் மதகுரு என்று ஒரு உத்தியோகம் இருப்பது வெளியில் பலருக்குத் தெரியாது. கல்யாணமாகி வரும்வரை எனக்கும் தெரியாது. இந்துக்களுக்குப் பண்டிட்ஜி, சீக்கியர்களுக்குக் கிரந்தி, முஸ்லிம்களுக்கு மௌல்வி, கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார் என்று ஆள் போட்டு வைத்திருப்பார்கள். அவர்களுக்கும் சம்பளம், சீருடை, சல்யூட் எல்லாம் உண்டு. புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைப்பது அவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரையும் உட்கார வைத்து நல்லது நாலு சொல்வது அவர்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பதும், செத்துப்போனால் காரியம் செய்வதும், அந்தச் செய்தியை வீட்டில் போய்ச் சொல்வதும் அவர்கள் வேலைதான். எங்கள் பண்டிட்ஜி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வடக்கே பல காலம் இருந்தும் தமிழ் மாறாமல் பேசுவார். புனேயில் எங்களுக்குத் தமிழில் ஆறுதல் சொல்ல ஒரு ஆள் இருந்தது அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. என் கணவர் ஹவில்தாராக இருந்தார். அவருடைய பட்டாளம் பனிமலைக்குப் போயிருந்தது. அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அப்படிப் போனவர்களின் மனைவி மக்களுக்கென்று கண்டோன்மென்ட் ஓரத்தில் தனியாகக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆண்களே இல்லாத குடியிருப்பு அது. கேஸ் சிலிண்டர் உருட்டுவதிலிருந்து கூரைக்கு மேல் குரங்கு விரட்டுவது வரை எல்லாம் நாங்களே செய்துகொள்வோம். தமிழ், மலையாளம், தெலுங்கு என்று கலந்து கட்டிய கூட்டம். பொதுவில் இந்தி பேசுவோம். அந்த இந்தியைக் கேட்டுப் பால்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த மாதிரிக் குடியிருப்பில் ஒரே ஒரு பயம்தான். சீருடை போட்ட ஒருவர், வழக்கமில்லாத நாளில் வந்து வாசலில் நின்றுவிடக் கூடாது. நின்றால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே ஒவ்வொருத்தியும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வருவாள். ஜீப் தன் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் பெருமூச்சு விடுவாள், விட்டதற்காக அப்புறம் வெட்கப்படுவாள்.

இந்தப் பயத்தைப் போக்கத்தான் பண்டிட்ஜி செவ்வாய்க்கிழமை வழக்கத்தைக் கொண்டுவந்தார். செவ்வாய்தோறும் காலையில் ராணுவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்து, மேலே இருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்துக்கொள்வார். சாயங்காலம் அனுமார் கோயில் பூந்தியோடு எங்கள் குவார்ட்டர்ஸ் லைனுக்கு வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டு ஆளின் பெயரைச் சொல்லி, "ராஜி குஷி" என்பார். நல்லபடியாக இருக்கிறார் என்று பட்டாளத்து இந்தியில் அர்த்தம். சொல்லிவிட்டு உள்ளங்கையில் பூந்தியை வைப்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நாங்கள் ஏழு நாளையும் ஓட்டினோம். மேலேயிருந்து கடிதம் வருவது ஹெலிகாப்டர் பறப்பதைப் பொறுத்தது. பனியோ மேகமோ மூடிவிட்டால் மாதக் கணக்கில் ஒன்றும் வராது. பண்டிட்ஜியின் வாய்தான் எங்களுக்குத் தபால்.

அவரை நான் ஒரு படி அதிகமாக நம்பியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருடம் எனக்கு வயிற்றில் ஐந்து மாதத்தில் ஒரு குழந்தை போய்விட்டது. கணவர் லீவில் வந்தார், நாலு நாள் தலையைத் தடவிக்கொடுத்தார், திரும்பிப் போய்விட்டார். அவர் போன பிறகு ஒரு மத்தியானம் நான் வீட்டைப் பூட்டாமலேயே கிளம்பிப் போய், கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் பெரிய கால்வாய் ஓரத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் என்னைப் பயமுறுத்திவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, கணவரிடம் சொல்லவில்லை. பண்டிட்ஜியிடம் மட்டும் சொன்னேன். கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. நான் அழுது முடித்ததும், "இது சாமிக்கும் எனக்கும் மட்டும்தாம்மா தெரியும். மனசுல வச்சுக்காதே. நாளைக்கு வந்து விளக்கு தேய்ச்சுக் குடு, நெறைய கிடக்கு" என்றார். விளக்குத் தேய்த்துத் தேய்த்துத்தான் நான் தேறினேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ராஜி குஷி சொல்லி முடித்த பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, ஒரு உதவி. ஆஸ்பத்திரியில நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் கிடக்காரு. பனிக்கடியில ஒரு கால் போயிருச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. வேற கால் வைக்கறதுக்காக இங்க அனுப்பியிருக்காங்க. பட்டாளத்து லங்கர் சாப்பாடு எறங்கலேன்றாரு. உன் கையால ஏதாச்சும் குடுத்தா நான் எடுத்துட்டுப் போவேன்."

புனேயில் கால் இழந்த சிப்பாய்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் ராணுவ ஆஸ்பத்திரி இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஹடப்சர் மார்க்கெட்டுக்குப் போகும்போது அதன் நீளச் சுவரைத் தாண்டித்தான் போவேன். வாரத்தில் இரண்டு முறையாவது போவேன். கட்டைக் கால் ஊன்றிச் சுவரோரம் நடந்து பழகுகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால் பண்டிட்ஜி கேட்டதும் மறுப்புச் சொல்லவில்லை. முதலில் ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தேன். கேரியர் வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வந்தது. அப்புறம் புளிக்குழம்பு, அப்புறம் கீரை மசியல். ஒரு நாள் பண்டிட்ஜி தயங்கித் தயங்கி, "கருவாட்டுக் குழம்பு கேக்கறாரும்மா" என்றார். நெத்திலிக்கு இங்கே எங்கே போவது? மார்க்கெட்டில் காய்ந்த பொம்பில் மீன் வாங்கி, கத்தரிக்காய் போடாமல் மொச்சை போட்டு வைத்தேன். நோயாளிக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று பண்டிட்ஜி முன்பே சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கும் ஆகாது என்று நான் சிரித்தேன். ஆகாதவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் என்ன என்று விட்டுவிட்டேன். வெங்காயம்கூடச் சேர்க்காத பண்டிட்ஜி அந்தக் கேரியரைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனதைப் பார்த்து லைனே சிரித்தது. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரிதான் அதிகமாகச் சிரித்தாள். அவள் கணவரும் என் கணவரும் ஒரே கம்பெனி. எனக்கு அங்கே அவளைவிட நெருக்கமானவள் வேறு யாரும் இல்லை.

பண்டிட்ஜி என்னிடம் அந்த நோயாளியைப் பற்றி நிறையப் பேசுவார். அதுவும் தானாகப் பேசுவார். ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அவரு சம்சாரத்துக்கு இன்னும் சொல்லலம்மா. தாங்க மாட்டாளோன்னு பயப்படறாரு. நீ என்ன நெனைக்கிறே?"

"என்ன சாமி இது அநியாயம்? கட்டினவளுக்குத் தெரியாம யாருக்குத் தெரியணும்? போய்ச் சொல்லிருங்க. அழுவா, அழுதுட்டு வந்து பாத்துக்கிருவா. இங்கிட்டு நான் ஆக்கிப் போடறத அவ ஆக்கிப் போட்டுட்டுப் போறா."

"சரிதாம்மா. நீ சொல்றது சரிதான்" என்றார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த செவ்வாயும் வந்தார். என் கணவர் பெயரைச் சொன்னார், ராஜி குஷி என்றார், கையில் பூந்தி வைத்தார்.

மழை போய் நவராத்திரி வந்தது. அதிகாரிகளின் மனைவிமார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். எங்கள் லைன் பெண்களை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், நோயாளிகளுக்குப் பழம் கொடுக்க வைப்பது என்று. நானும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நான் ஆக்கிப்போடும் மனிதரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது. பண்டிட்ஜி வந்து நிறுத்திவிட்டார்.

"நீ போயிட்டா சாயங்காலப் பூஜைக்கு யாரும்மா சுண்டல் பண்றது? உன் கை மாதிரி வராது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. லாரியில் ஏறிய மற்றவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு, கோயில் அடுப்படியில் உட்கார்ந்து கொண்டைக்கடலைக்குத் தேங்காய் துருவினேன். இன்று நினைத்தால் அந்தத் தேங்காய்த் துருவியைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

லாரி திரும்பி வந்தது. திருநெல்வேலிக்காரி இறங்கி நேராகக் கோயில் அடுப்படிக்கு வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்து ஏதோ வம்பு கொண்டுவருகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏட்டி, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? எங்கிட்டகூடச் சொல்லலையே நீ. இத்தன நாளா அண்ணன் இங்கன கிடக்காவ. தினம் எங்கூட உக்காந்து சோறு திங்க, ஒரு வார்த்த வாயத் தொறக்கல. அவ்வளவு அழுத்தமாட்டி உனக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று கேட்டேன். நான் நடிக்கிறேன் என்று நினைத்து அவள் இன்னும் கோபப்பட்டாள். கேரியர் பக்கத்திலேயே இருந்ததைப் பார்த்ததாகவும், நான்தான் தினமும் சோறு அனுப்பிவிட்டு ஊருக்கு மறைக்கிறேன் என்று தெரிந்துபோனதாகவும் சொன்னாள். அவளைப் பார்த்ததும் என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அப்புறம் என் கையிலிருந்த தேங்காய் மூடியை வாங்கிக் கீழே வைத்தாள்.

எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. சிக்ஸ் சீட்டரில்தான் போயிருக்க வேண்டும். வார்டு வாசலில் மலையாளி நர்ஸ் ஒருத்தி இருந்தாள். யார் மனைவி என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓ, நீங்களா? இப்பவாச்சும் வர மனசு வந்ததே. எல்லாருக்கும் வீட்டிலேர்ந்து ஆள் வரும். இவருக்கு மட்டும் கேரியர் வரும், ஆள் வராது. பண்டிட்ஜி கிட்ட கேட்டா, சொல்லியாச்சு, அவங்க வர முடியாத நிலைமைன்னு சொல்வாரு. நாங்க வேற மாதிரி நினைச்சோம், தப்பா எடுக்க வேண்டாம்."

என்ன மாதிரி நினைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கால் போன கணவனைப் பார்க்க வராத மனைவியைப் பற்றி யாரும் என்ன நினைப்பார்களோ அதைத்தான் நினைத்திருப்பார்கள். அந்த வார்டு முழுக்க நோயாளிகள், நர்ஸ், டாக்டர், தரை துடைக்கும் ஆயா வரை எல்லோருக்கும், நான் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு கருவாட்டுக் குழம்பு மட்டும் கொடுத்தனுப்பும் கல்நெஞ்சுக்காரி.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போய், தாடி வைத்து, வேறு யாரோ போல இருந்தார். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் கால் இருந்த இடம் தட்டையாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முதலில் பேசிவிட்டார்.

"யாரு சொன்னது உனக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. இவ்வளவு காலம் கழித்துக் கட்டினவளைப் பார்த்ததும் ஒரு மனிதனுக்குத் தோன்றும் முதல் கேள்வியா இது?

"அதுதான் இப்ப முக்கியமா? நான் செத்தா போயிட்டேன், இத்தன நாளா எனக்குச் சொல்லாம இருக்க?"

"பண்டிட்ஜி மேல கோவப்படாத. நான்தான் வேணாம்னேன். கால வச்சு நடந்து பழகிட்டு, நடந்தே உன் முன்னால வந்து நிக்கலாம்னு இருந்தேன்."

"ஏன்? நான் என்ன, நொண்டின்னு விட்டுட்டுப் போயிருவேன்னா?"

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் தணிவாக, "நீ கால்வாய்க்குப் போனது எனக்குத் தெரியும்" என்றார்.

கால் போன செய்தியைவிட அதுதான் என்னை அடித்தது. அதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். நான் சாமிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே ஒரு மனிதரிடம் இறக்கிவைத்த பாரம் அது. அதை அவர் எடுத்துக்கொண்டு போய் என் கணவரின் கட்டிலில் போட்டிருக்கிறார். பட்டாளத்திலிருந்து தந்தி கொடுத்தால் நான் பயந்துபோவேன், நேரில் பக்குவமாகச் சொல்லட்டும் என்றுதான் அந்தப் பொறுப்பைப் பண்டிட்ஜியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் என்னிடம் வருவதற்கு முன் என் கணவரிடம் போயிருக்கிறார். 'உன் சம்சாரம் இப்படி இப்படிச் செய்தவள், யோசித்துச் சொல்லலாம்' என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் பயந்து, வேண்டவே வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். பண்டிட்ஜியும் மேலே அதிகாரிகளிடம், 'வீட்டில் சொல்லியாயிற்று' என்று சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் மத்தியானம் என் கணவரின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் என் வாசலில் வந்து ராஜி குஷி என்றார்.

கணவரிடம் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். அவர் விசும்பி விசும்பி அழுதார். நானும் அழுதேன். நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளிலிருந்து கேரியரை நானே எடுத்துப் போனேன்.

பண்டிட்ஜி அந்தச் செவ்வாய்க்கிழமை வரமாட்டார் என்று லைனில் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். தைரியம்தான். வழக்கம்போலச் சைக்கிளை நிறுத்திவிட்டு, பூந்திப் பாத்திரத்தோடு முதலில் என் வாசலுக்கே வந்தார். பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் கையை நீட்டவில்லை.

"என்னைக் கோவிச்சுக்கோம்மா, அதுக்கு உனக்கு உரிமை இருக்கு. ஆனா உன்னைக் காப்பாத்தணும்னுதான் நெனச்சேன். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு ஒவ்வொரு நாளும் கெளம்புவேன். உன் மொகத்தப் பாத்தா வாய் வராது."

"என்னையக் காப்பாத்தச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா? செய்தி சொல்லத்தானே உங்களை அனுப்புனாக? சொல்லிருங்கன்னு என் வாயாலயே சொன்னேனே சாமி, இந்த எடத்துலதானே உக்காந்து தேத்தண்ணி குடிச்சீங்க? அப்பவாச்சும் வாய் வந்திருக்கக் கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அத விடுங்க. கால்வாய்க் கதையை ஏன் சொன்னீங்க?"

பூந்திப் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். உதட்டை மட்டும் அசைத்தார். தப்பு என்று சொல்லியிருந்தால்கூட நான் அந்தப் பூந்தியை வாங்கியிருப்பேனோ என்னவோ. சொல்லவில்லை. அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். அங்கே திருநெல்வேலிக்காரி நின்றாள். அவள் கணவர் பெயரைச் சொல்லி, "ராஜி குஷி" என்றார்.

அவள் கை நீட்டாமல் கேட்டாள். "நெசமாவா சொல்லுதிய? உங்க அனுமார் மேல சத்தியம் பண்ணுங்க பாப்போம்."

ஊருக்கெல்லாம் சத்தியம் செய்து வைக்கும் மனிதரிடம் லைனுக்கு நடுவில் ஒரு பெண் சத்தியம் கேட்டாள். அவர் செய்தார். செய்து கொடுத்தும் அவள் நம்பவில்லை. அன்றைக்கு எந்த வாசலிலும் யாரும் நம்பவில்லை. ஒவ்வொருத்தியும் இரண்டு தரம், மூன்று தரம் கேட்டாள். கடைசி வீட்டுத் தெலுங்குப் பெண், தன் கணவர் குரலைக் கேட்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஜீப் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடும் பழைய பயம் மறுபடி வந்துவிட்டது. இந்த முறை அதைப் போக்க யாரும் இல்லை. சில மாதங்களில் பண்டிட்ஜிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப நான் போகவில்லை.

என் கணவர் போனார். புதுக் காலில் தடுமாறிக்கொண்டே ஸ்டேஷன்வரை போனார். பண்டிட்ஜிமேல் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதற்கும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. முதல் மாதத்தில் அவர் சாப்பிட மறுத்து, மருந்தைத் துப்பி, ஊன்றுகோலை எடுத்து டாக்டர்மேல் எறிந்திருக்கிறார். அப்போது பண்டிட்ஜிதான் வார்டிலேயே தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்திருக்கிறார். முகம் துடைத்து, கரண்டியால் ஊட்டி, அசிங்கம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அவர் இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல" என்பார் என் கணவர். இருக்கலாம். ஆனால் நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. என் இடத்தில் வேறொருவர் துண்டு விரித்துப் படுத்துவிட்டு, எனக்கு நல்லது செய்ததாகச் சொல்கிறார்கள். அதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

பென்ஷன் வாங்கிய பிறகு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. ஹடப்சரில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்துத் தங்கிவிட்டோம். மகள் பிறந்தாள். மகர்பட்டாவில் கரும்பு விளைந்த நிலத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பின. அதில் ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக அவருக்கு வேலை கிடைத்தது. பேண்ட் போட்டுக்கொண்டு போனால் கால் விஷயம் யாருக்கும் தெரியாது. நான் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். வாழ்க்கை நன்றாகத்தான் ஓடியது. ஒரு விஷயம் தவிர. அவர் ஃபோனில் "நல்லா இருக்கேன்" என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. குரலில் லேசாக மாற்றம் தெரிந்தாலும், ஆட்டோ பிடித்து அந்தக் கட்டிட வாசலில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். அவருடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அண்ணி முறை வைத்து, வகினி வந்துவிட்டார், அட்டென்டன்ஸ் எடுக்க வந்துவிட்டார் என்பார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன்.

மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது பண்டிட்ஜி வந்தார். ரிட்டையராகி மகனோடு புனேயிலேயே வந்து இருப்பதாகவும், தேடிப்பிடித்து வந்ததாகவும் சொன்னார். நன்றாக வயதாகிவிட்டது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. செயற்கைக் காலோடு குனிவது சிரமம் என்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவர் காலைத் தொட்டார். மகளைக் கூப்பிட்டு அவளையும் தொடச் சொன்னார். தமிழ் தடுமாறும் என் மகள் அவரை "ஆஜோபா" என்று மராட்டியில் தாத்தா முறை வைத்துக் கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பலகாரம் வைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவரிடம் முகம் காட்டக் கூடாது என்று எங்கள் அம்மா வளர்த்திருக்கிறாள். கிளம்பும்போது அவர் என்னைப் பார்த்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்லம்மா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

அவர் போன பிறகு என் கணவர் சோபாவில் உட்கார்ந்து காலைக் கழற்றினார். அன்று முழுக்க அவர் முகத்தில் சந்தோஷம். நான் மோடாவை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் பெருசா வந்துருச்சுன்னு வைங்க. வர வேணாம், வந்துருச்சுன்னு வைங்க. எங்கிட்ட முதல்ல சொல்வீங்களா?"

அவர் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்டதை நிஜமாகவே யோசித்தார். எனக்குப் பிடித்த பதிலைச் சட்டென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அவ்வளவு நேர்மையாக அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

"பண்டிட்ஜிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்வேன்" என்றார்.